மேட்டுக்கு ஒரு புள்ளி

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடியவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கும். மேட்டில் நிற்பவன் கீழே நிற்பவனை அடித்தால் அடியின் பலம் 25 சதவீதம் கூடும். கீழிருந்து மேலே அடித்தால் 25 சதவீதம் குறையும். வில்லாளி, ஈட்டிக்காரன், யானை என்று யாராக இருந்தாலும் இதே கணக்குதான். 2022-இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில் திராவிடர்கள் என்று ஒரு நாகரிகத்தையே சேர்த்தார்கள். சுருள்வாள் வீசுகிற உருமி வீரன் வந்தான், திரிசடை என்றொரு கப்பல் வந்தது, ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதைத்தொடர் வந்தது. நம்மாட்கள் எல்லாரும் வந்தாச்சு. நம்முடைய நிலம் மட்டும் வரவில்லை. மேட்டுக்கு அதே 25 சதவீதம்தான்.

மேசைமேல் அட்டையும் பகடையும் வைத்து ஆடும் வரலாற்றுப் போர் விளையாட்டுகளிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. 1990-இல் வந்த 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாட்டிஸ்' (சுருக்கமாக டிபிஏ) கைகலப்பில் எதிரியைவிட மேட்டில் நிற்கும் அணியைப் பகடையில் ஒன்று கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. 2004-இன் 'மெமுவார் 44'-இல் குன்றின் மேல் இருப்பவரைக் கீழிருந்து தாக்கும் காலாட்படையும் டாங்கியும் ஒரு பகடையை இழக்கும். பீரங்கிக்கு மட்டும் விலக்கு. அதற்கு முந்தைய தலைமுறை அமெரிக்க விளையாட்டுகள் பலவற்றில் தற்காப்பவர் மேட்டில் இருந்தால் அவர் பலத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். ஒன்று கூட்டு, ஒன்று கழி, இல்லாவிட்டால் இரட்டிப்பாக்கு. அவ்ளோதான்.

இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். விதிப்புத்தகமும் ஒரு பிரதிதான், அதுவும் தப்பிக்க வழியில்லாத பிரதி. வரலாற்று நாவலாசிரியர் 'குன்றின் மேலிருந்து படை வெள்ளமெனப் பாய்ந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். குன்று எவ்வளவு உயரம், சரிவில் கல்லா புல்லா, பாய்ந்தவர்களுக்கு மூச்சு இருந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். விதி எழுதுபவர் ஓர் எண்ணைப் போட்டே ஆக வேண்டும். அந்த எண், 'உலகம் இப்படித்தான் நடக்கிறது' என்ற ஒரு கூற்று. சரியா தப்பா என்று வாதாடலாம். தமிழில் போரைப் பற்றி இவ்வளவு எழுதிக் குவித்திருக்கிறோம். அதில் தரையைப் பற்றி வாதாட இடம் கொடுக்கிற எழுத்து மிகக் குறைவு.

என் வாதம் இது. மேட்டின் முதல் வேலை அடிப்பதில்லை, பார்ப்பது. விதிகள் பார்வையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அடியிலிருந்து தொடங்கியதால்தான் எல்லாம் கோணலாகிவிட்டது.

கோணல் தொடக்கத்திலேயே இருக்கவில்லை. 1824-இல் ப்ரஷ்ய அதிகாரி ராய்ஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிவைத்த 'கிரீக்ஸ்ஷ்பீல்' விளையாட்டைச் செப்பனிட்டு வெளியிட்டார். 1:8000 அளவில் வரைந்த நிஜமான நிலப்படம். சரிவு எவ்வளவு செங்குத்து என்பதைப் பொறுத்து எந்தப் படை அதில் நடக்கலாம், எது வரிசை குலையும் என்றெல்லாம் அதில் கணக்கு உண்டு. அதைவிட முக்கியமாக, அதில் ஒரு நடுவர் இருந்தார். ஆடுபவர் நினைத்ததையெல்லாம் பார்க்க முடியாது. உன் படை நிற்கும் இடத்திலிருந்து என்ன தெரியுமோ அதை மட்டும் நடுவர் படத்தில் வைப்பார். குன்றில் ஏறினால் கூடுதலாக நாலு கட்டைகள் படத்தில் முளைக்கும். மேட்டுக்கு என்ன பலன் என்று தனியாக எழுதவே வேண்டியதில்லை.

அப்புறம் விளையாட்டு ராணுவக் கல்லூரியை விட்டு வீட்டுக்கு வந்தது. வீட்டில் இரண்டு பேர்தான், நடுவருக்கு ஆள் கிடைக்காது. எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி ஸ்பிரிங் பீரங்கியால் நிஜமாகவே சுடும் ஆட்டம் என்பதால் அங்கே ஓரளவு தப்பித்தது. மரக்கட்டை மறைத்தால் குண்டு போகாது. அட்டைப் படமும் அறுகோணக் கட்டமும் வந்தபோது நடுவர் முழுக்கவே போய்விட்டார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் படத்தில் இருக்கும் எல்லாக் குன்றுகளையும்விட உயரத்தில் இருக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். பார்வை இலவசமாகக் கிடைத்துவிட்ட பிறகு குன்றுக்குக் கொடுக்க என்ன மிச்சம்? ஒரு புள்ளியைக் கொடுத்துச் சமாதானப்படுத்திவிட்டார்கள்.

கிளாஸ்விட்ஸ் தன் போர் நூலில் மேட்டைப் பற்றித் தனியாக ஒரு சிறு அத்தியாயம் எழுதியிருக்கிறார். உயரத்துக்கு மூன்று பலன் என்கிறார்: சண்டையில் கூடுதல் வலு, அணுகுவதற்குக் கடினம், விரிந்த பார்வை. மூன்றையும் தனித்தனியாகத்தான் வைக்கிறார். அதோடு, 'ஆதிக்கம் செலுத்தும் குன்று', 'நாட்டின் திறவுகோல்' என்று தளபதிகள் மயங்கிப் பேசுவதைக் கிண்டலும் செய்கிறார். மேட்டில் நிற்பதே வெற்றி என்று நினைப்பவர்கள் மேல் அவருக்கு மரியாதை இல்லை. இன்றைய விதிகள் இந்த மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிளறிவிட்டன. அதற்கு விலை என்ன என்று பார்க்க வாட்டர்லூவுக்கோ கெட்டிஸ்பர்க்குக்கோ போக வேண்டாம், செஞ்சி போதும்.

செஞ்சியில் மூன்று குன்றுகள். ராஜகிரி சுமார் 800 அடி. பக்கத்தில் கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் சேர்த்துச் சுவர். 1677-இல் சிவாஜி கைப்பற்றிப் பலப்படுத்தியது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-இல் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல். எட்டு வருஷம். நடுவில் சந்தாஜியும் தனாஜியும் வெளியிலிருந்து வந்து, முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டு, சோற்றுக்குத் திண்டாட விட்டார்கள்.

அதே குன்றுகள். 1750 செப்டம்பர். முகமது அலியின் படை தோற்று ஓடிவந்து செஞ்சிக்குள் புகுந்துகொண்டது. பின்னாலேயே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறு படையோடு வந்தார். வாசலை வெடிவைத்துப் பிளந்து, இருட்டுவதற்குள் கீழே பேட்டையில் நுழைந்துவிட்டார். மேலேயிருந்த பீரங்கிகள் சுட்டுக்கொண்டேயிருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் வீடுகளை ஒட்டி ஒதுங்கி இரவு வரும்வரை காத்திருந்து, மூன்று குன்றுகளிலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடியும்போது மூன்றும் அவர்கள் கையில்.

எட்டு வருஷமும் செஞ்சிதான், ஒரு ராத்திரியும் செஞ்சிதான். ராஜகிரியின் உயரத்தில் ஓர் அங்குலம்கூடக் குறைந்திருக்காது. 'மேட்டில் இருந்தால் இரட்டிப்பு' என்ற விதியை இந்த இரண்டுக்கும் எப்படிப் பொருத்துவது? பகடை ஒருமுறை நன்றாக விழுந்தது, ஒருமுறை மோசமாக விழுந்தது என்றுதான் அந்த விதி சொல்லும். நடந்ததைப் பார்த்தால் காரணங்கள் கண்ணெதிரே கிடக்கின்றன. தோற்று வந்த படைக்கு நெஞ்சுரம் இல்லை. இருட்டில் மேட்டின் பார்வை செத்துப்போனது. 800 அடி மேலேயிருந்து கிட்டத்தட்ட நேர்க்கீழாகச் சுடும் பீரங்கி அந்தக் காலத்தில் பெரிய உபயோகமில்லை. இரும்புக் குண்டு சமதரையில் தாழப் பறந்து, தரையில் பட்டு எழும்பி எழும்பி வரிசையை அறுத்துக்கொண்டு போகும். அதுதான் அதன் கொலைத்திறன். உயரத்திலிருந்து விழுந்தால் மண்ணில் புதைந்துவிடும். அதாவது வில்லுக்கு மேடு நல்லது, 18-ஆம் நூற்றாண்டுப் பீரங்கிக்கு மெல்லிய சரிவு நல்லது, செங்குத்து கெட்டது. எல்லாருக்கும் 25 சதவீதம் என்று போட்ட கணினிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மெமுவார் 44 பீரங்கிக்கு விலக்குக் கொடுத்தபோது இதன் ஓரத்தையாவது தொட்டிருக்கிறது.

திருக்குறளின் அரண் அதிகாரம் இந்த விஷயத்தில் நிறைய விதிப்புத்தகங்களைவிடக் கறாரானது. கோட்டைக்கு உயரம் வேண்டும் என்று வள்ளுவர் சொல்லும்போதே அகலம், திண்மை, நெருங்க முடியாமை என்று மூன்றைக் கூடவே வைக்கிறார். அடுத்து உள்ளே உணவு இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்கு நின்று போரிட வசதி வேண்டும் என்கிறார். கடைசியில், என்ன சிறப்பு இருந்தாலும் செயல்திறன் இல்லாதவர்களிடம் இருந்தால் அது கோட்டையே இல்லை என்று முடிக்கிறார். செஞ்சியின் அந்த ராத்திரிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

*

செஞ்சி பெரிய குன்று. சின்னக் குன்று என்ன செய்யும் என்பதற்குத் திருச்சி.

பொன்மலை என்றால் இன்று ரயில்வே பணிமனைதான் ஞாபகம் வரும். அந்தப் பெயருக்குச் சொந்தமான பாறை ஒன்று அங்கே நிற்கிறது. மலைக்கோட்டையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. 1753-இல் ஆங்கிலேயரின் கோல்டன் ராக் இதுதான். திருச்சிக் கோட்டை ஆங்கிலேயர் கையில்; வெளியே பிரெஞ்சுக்காரர்கள், மைசூர்ப் படை, முராரி ராவின் மராட்டியக் குதிரைகள். கோட்டைக்குச் சோறு தெற்கே தொண்டைமான் சீமையிலிருந்து வண்டிகளிலும் மாடுகளிலும் வர வேண்டும். நகரத்துக்குத் தெற்கே சமவெளியில் இறைந்துகிடக்கும் சில பாறைகள்மேல் யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு அந்த வண்டிகள் வருவது தெரியும். அந்த வருஷம் முழுக்கத் திருச்சியைச் சுற்றி நடந்த சண்டைகளுக்கு அடிப்படை இதுதான். பாறைக்காக அடித்துக்கொண்டார்கள் என்று சொல்வதைவிட, அரிசி மூட்டையைப் பார்க்கும் உரிமைக்காக அடித்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

பொன்மலையில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கொஞ்சம் சிப்பாய்களை நிறுத்தியிருந்தார். பிரெஞ்சுத் தளபதி அஸ்த்ருக் ஒரு காலையில் பெரும்படையோடு வந்து பாறையைப் பிடித்துவிட்டார். உதவிக்கு ஓடிவந்த லாரன்ஸ், பாறைமேல் எதிரி ஏறிவிட்டதைப் பாதிவழியில் பார்க்கிறார். கையில் சின்னப் படை. திரும்பினால் மராட்டியக் குதிரைகள் சமவெளியில் வெட்டிச் சாய்த்துவிடும். மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. கிரனேடியர்களையும் சிப்பாய்களையும் நேராகப் பாறைமேல் ஏறச் சொல்லிவிட்டு, மீதிப் படையோடு தான் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிரெஞ்சு வரிசையின் பக்கவாட்டில் விழுகிறார். ஏறியவர்கள் நின்று சுடவில்லை, துப்பாக்கிமுனைக் கத்தியோடு ஏறிக்கொண்டே இருந்தார்கள். மேலே இருந்தவர்கள் மறுபக்கம் இறங்கி ஓடினார்கள். பிறகு அதே பாறையிலிருந்து கீழே நின்ற பிரெஞ்சு வரிசையின் மேல் சுட்டார்கள். வரிசை உடைந்தது.

ஒரே நாள் காலை. பாறை இரண்டுமுறை கைமாறியது, இரண்டுமுறையும் கீழிருந்து ஏறியவனே ஜெயித்தான். டிபிஏ கணக்கில் மேலே இருந்தவனுக்கு இரண்டுமுறையும் ஒரு புள்ளி கூடுதல்.

விதியின் ஆதரவாளர் உடனே சொல்வார்: 'அந்த ஒரு புள்ளியும் சேர்த்துத்தான் தோற்றான், பகடை அப்படி விழுந்தது.' வாதத்துக்குச் சரி. ஆனால் நடந்ததன் உள்ளே போனால், பாறையில் நின்றவனுக்குப் பாறையே எதிரியாக இருந்தது தெரியும். பாறை வளைவாக இறங்குகிறது. உச்சியில் நிற்பவனுக்குத் தூரத்தில் வரும் படை தெரியும், அடிவாரத்துக்கு வந்துவிட்ட படை தெரியாது. குண்டு போகாத, கண்ணுக்கும் எட்டாத இந்த இடத்தை மறைதரை என்று சொல்லலாம். எட்டிப் பார்த்துச் சுட வேண்டுமானால் விளிம்புக்கு வர வேண்டும், வந்தால் கீழே இருப்பவனுக்கு வானத்தின் பின்னணியில் இலக்காக நிற்பான். உச்சி குறுகல், பத்துப் பேர் நிற்கும் இடத்தில் நூறு பேர் நிற்க முடியாது. மேட்டின் பலன் தூரத்தில் இருந்தவரைக்கும்தான். நெருக்கத்தில் அது செத்துவிட்டது. விதிகளோ நேர் எதிராக, நெருங்கிக் கைகலக்கும்போதுதான் அந்தப் புள்ளியைத் தூக்கிக் கொடுக்கின்றன.

வெலிங்டன் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அசாயியிலும் பாடம் படித்துவிட்டு ஐரோப்பா போனவர். புஸாகோவிலும் வாட்டர்லூவிலும் படையை மேட்டின் உச்சியில் நிறுத்தாமல், எதிரிக்குத் தெரியாத மறுபக்கச் சரிவில் படுக்கவைத்தார். மேட்டை அவர் பயன்படுத்தியது ஏறி நின்று அடிக்க இல்லை, ஒளிந்துகொள்ள. உச்சியில் நிற்பவனுக்குப் பரிசு கொடுக்கும் விதியில் அவருடைய படைக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது.

*

இதெல்லாம் பாறை இருக்கிற ஊர்க்காரர்கள் பிரச்சினை. நான் இருப்பது திருவொற்றியூர். 20 மீட்டருக்கு ஒரு கோடு போடும் வரைபடத்தை எடுத்தால் எங்கள் ஊரில் ஒரு கோடும் விழாது. போர் விளையாட்டுப் படம் வரைபவர் எங்கள் பக்கத்தை 'வெற்றுத்தரை' என்று மஞ்சளடித்துவிட்டுப் போய்விடுவார். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை ஒரே மஞ்சள்.

இங்கே வாழ்பவர்களுக்கு அப்படி இல்லை. எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்று குழந்தைக்கும் தெரியும். வண்டியை மழைக்கு முன்னாடி எந்த முனையில் நிறுத்தணும் என்பது இங்கே பொது அறிவு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய வீட்டுச் சுவர்களில் தண்ணீரோடு வந்த கச்சா எண்ணெய் கோடு போட்டுவிட்டுப் போனது. எந்த வீடு எத்தனை அடி தாழ்வு என்று அதைவிடத் துல்லியமாக எந்த நிலப்படமும் சொன்னதில்லை. கடலரிப்பைத் தடுக்க எண்ணூர் விரைவுச்சாலை ஓரம் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். சாலையில் நின்றால் பல இடத்தில் கடல் தெரியாது, சத்தம்தான் கேட்கும். கல் மேல் ஏறினால் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். ஆளுயரம்தான் வித்தியாசம். பார்வைக்கோடு என்று விதிப்புத்தகங்கள் நாலு பக்கம் படம் போட்டு விளக்குவதை இங்கே ஒரு நிமிஷத்தில் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம்.

சோழமண்டலக் கரையில் நடந்த போர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி அடிக்கணக்கு உயரத்தில் நடந்தவை. 1760 ஜனவரி 22, வந்தவாசி. பிரெஞ்சு இந்தியாவின் கதையை முடித்துவைத்த போர். படத்தில் குறிக்கத்தக்க குன்று சண்டையின் நடுவில் ஒன்றுமில்லை. லாலியின் இடப்பக்கம் ஓர் ஏரி, அதன் கரை. அந்தக் கரையைக் காப்பாகக் கொண்டுதான் அவர் வரிசை நின்றது. அங்கே நின்ற வெடிமருந்து வண்டி ஆங்கிலேயர் குண்டு பட்டு வெடித்தது, கரையில் இருந்தவர்கள் சிதறினார்கள், ஐர் கூட்டின் படை கரையைப் பிடித்தது, மீட்க வந்த புஸ்ஸி சிறைபட்டார். செஞ்சியின் மூன்று குன்றுகளை ஒரு ராத்திரியில் ஏறிய அதே புஸ்ஸிதான். பத்து வருஷம் கழித்து ஓர் ஏரிக்கரையில் பிடிபடுகிறார்.

தொண்டைமண்டலத்தின் நிஜமான மலை ஏரிக்கரைதான். மனிதன் கட்டியது, பத்துப் பதினைந்து அடி, ஆனால் மைல் கணக்கில் நீளம். இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. மேலே வண்டி போகும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் சேறு. இதற்கு 'மேடு: கூட்டல் ஒன்று' என்று போட்டால் ஒன்றும் சொன்னதாகாது. இதன் பலன் மறைப்பதில் இருக்கிறது, நனையாமல் நடக்க வைப்பதில் இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க விதிகளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தங்கள் நிலத்தைப் பார்த்து எழுதினார்கள். நாம் அதை அப்படியே எடுத்துவைத்து வந்தவாசியை ஆடினால் வெறும் மஞ்சள் தரையில் இரண்டு வரிசை மோதுவதாகத்தான் வரும்.

சென்னையிலேயே உயரத்தின் மதிப்பைப் புரிந்துகொண்டு கம்பெனி செய்த வேலை ஒன்று உண்டு. கோட்டைக்கு மேற்கே, இன்று அரசு பொது மருத்துவமனை இருக்கும் பக்கம், நரிமேடு என்றொரு மண்மேடு இருந்தது. ஆங்கிலேயர் ஹாக் ஹில் என்றார்கள். அங்கே பீரங்கி ஏற்றினால் கோட்டை என்னாவது என்ற கவலையிலேயே பல வருஷம் போய், கடைசியில் மேட்டையே வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். கோட்டையின் வடசுவரை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை முதலில் பிரெஞ்சுக்காரர்களும் பிறகு ஆங்கிலேயரும் இடித்தார்கள். 1758 டிசம்பரிலிருந்து இரண்டு மாதம் லாலி வடக்கேயிருந்து முற்றுகையிட்டபோது வீடுகள் பீரங்கிக்கு எப்படி மறைப்பாகும் என்று எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இனி இந்தக் கோட்டுக்குள் யாரும் கட்டக்கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். உயர் நீதிமன்றம் நிற்கும் இடம் அந்த வெட்டவெளிதான். வடசென்னை எங்கே தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது ஒரு பீரங்கியின் பார்வைக்கோடு. மேடும் வீடும் அவர்களுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன, இரண்டும் பார்வையை மறைப்பவை.

இந்த இடத்தில் தொல்காப்பியத்தைக் கொண்டுவராமல் இருக்க முடியவில்லை. புறத்திணைகளை அகத்திணைகளோடு ஜோடி சேர்க்கும்போது, ஆநிரை கவரும் வெட்சியைக் குறிஞ்சிக்கும், படையெடுக்கும் வஞ்சியை முல்லைக்கும், கோட்டை வளைக்கும் உழிஞையை மருதத்துக்கும், நேருக்கு நேர் நின்று மோதும் தும்பையை நெய்தலுக்கும் புறம் என்று வைக்கிறது. தும்பைக்கு ஏன் நெய்தல் என்பதற்கு, மணல் பரந்த வெட்டவெளிதான் இரு படையும் எதிர்நின்று பொருத இடம் தரும் என்ற போக்கில் உரைகள் விளக்கம் சொல்கின்றன. போர் விளையாட்டுக்காரன் கண்ணோடு படித்தால் இது நிலவிதிப் பட்டியல்தான், அதுவும் கெட்டிக்காரத்தனமான பட்டியல். மலையில் நின்றால் ஒரு புள்ளி என்று சொல்லாமல், மலையில் இந்த வகைச் சண்டை நடக்கும், மணலில் அந்த வகைச் சண்டை நடக்கும் என்கிறது. நிலம் பகடையை மாற்றவில்லை, ஆட்டத்தையே மாற்றுகிறது. இலக்கணக்காரர்கள் சண்டைக்கு இடம் தேர்ந்தெடுத்தால் எங்கள் ஊர் மணல்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் மூவேந்தரிடம் பேசும் புறநானூற்றுப் பாட்டையும் (109) இப்படிப் படிக்கலாம். மலை வானளவு உயரம் என்று சொல்வதற்கு முன்னால் அவர் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். உழாமலே நாலு விளைச்சல். அப்புறம் சுனைகள். உயரம் இந்தக் கணக்கின் பக்கத்தில்தான் வருகிறது. யானையும் தேரும் வைத்துப் பிடிக்க முடியாது என்ற முடிவு இதிலிருந்து கிளம்புகிறது. செஞ்சியின் எட்டு வருஷத்தையும் பொன்மலையின் அரிசி வண்டியையும் பார்த்தவர்களுக்கு, கபிலர் கணக்கை எந்த வரிசையில் அடுக்கினார் என்பது தற்செயலாகத் தெரியாது. சு.வெங்கடேசனின் 'வேள்பாரி' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது பலரும் அதன் காட்டையும் செடிகொடியையும் கொண்டாடினார்கள். எனக்குப் பிடித்தது வேறு: மூவேந்தர் படை மலையேறி ஜெயிக்கப் பார்க்கவில்லை, பறம்பின் படையைத் தட்டியங்காட்டுச் சமவெளிக்கு இறங்க வைக்கிறது. மலைக்காரனை மலையிலிருந்து இறக்குவதுதான் போரின் பெரும்பகுதி வேலை என்பது அந்த நாவலுக்குப் புரிந்திருக்கிறது. தமிழ் வரலாற்றுப் புனைவில் இது அபூர்வம்.

*

ஒரு புள்ளி விதிக்கும் நியாயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். டிபிஏ ஒரு மணி நேரத்தில் முடிகிற ஆட்டம். பகடையில் ஆறு முகம், அதில் ஒன்று என்பது சின்ன விஷயமில்லை. ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஒரு நாள் என்றால், அந்த நாளுக்குள் நடந்த பார்ப்பது, ஏறுவது, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் ஓர் எண்ணில் அடைப்பதில் தப்பில்லை. சுற்று என்பது பதினைந்து நிமிஷம் என்றால் அடைக்க முடியாது. பொன்மலையில் பாறை இரண்டுமுறை கைமாறியது அந்த மாதிரி சில பதினைந்து நிமிஷங்களுக்குள்தான். எல்லாவற்றையும் விதியாக்கப் போய் நானூறு பக்கப் புத்தகம் எழுதுபவர்களும் எனக்கு உவப்பில்லை. சரிவின் கோணத்தைப் பார்க்கப் பாகைமானி எடுக்கச் சொல்கிற ஆட்டத்தை எத்தனை பேர் இரண்டாம் தடவை ஆடுவார்கள்?

நானும் காலடிப்பேட்டை நண்பர்கள் மூன்று பேரும் வந்தவாசியைக் காலண்டர் அட்டையில் வரைந்து ஆடிக்கொண்டிருக்கிறோம். கூட்டல் ஒன்றை முழுக்க எடுத்துவிட்டோம். ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் காய்கள் கவிழ்ந்தே இருக்கும். அதில் பாதி வெறும் காய்கள். கரைமேல் ஏறுபவர் அந்தப் பக்கத்தில் மூன்று கட்டம்வரை புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஏறியவுடன் அவர் காயும் நிமிர்ந்துவிடும், எல்லாருக்கும் தெரியும். பார்த்தால் பார்க்கப்படுவாய். சரிவில் ஏறிய படை அந்தச் சுற்றில் சுட முடியாது. பீரங்கியைக் கரைமேல் வைத்தால் ஒட்டிய கட்டத்தைச் சுடக்கூடாது. மொத்தம் நாலு வரி. பகடைக் கணக்கைத் தொடவில்லை. முதல் ஆட்டத்திலேயே கரையைப் பிடிக்க அடிதடி ஆகிவிட்டது. ஒரு புள்ளி கொடுத்து ஆடிய நாட்களில் அந்தக் கரையை ஒருத்தரும் சீண்டியதில்லை. பார்வையைக் கொடுத்தால் மேடு தானாக முக்கியமாகிறது, அதற்குச் சம்பளம் தனியாகப் போட வேண்டியதில்லை.

குறையும் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் ஆடும்போது கவிழ்த்த காய்கள் சரி. நாலு பேர் ஆடினால் ஒரே கட்சிக்காரர்கள் கண்ஜாடை காட்டிக்கொள்கிறார்கள், அந்தக் காலத்து நடுவரைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒருத்தன் ஆடாமல் நடுவராக உட்காருவதற்கு டீயும் வடையும் வாங்கித்தர வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம்.

அடுத்தது லாலியின் 1758 முற்றுகை. படம் பாதி வரைந்தாகிவிட்டது: கோட்டை, கறுப்பர் நகரத்துத் தெருக்கள், வடக்கே மணல், வலதுகைப் பக்கம் கடல். நரிமேடு போட்டிருக்கிறோம், அதற்கு என்ன விதி என்பதில்தான் தகராறு. அங்கே ஏறியவர் கோட்டைச் சுவருக்கு உள்ளே இருக்கும் காய்களைப் புரட்டிப் பார்க்கலாமா, சுவருக்கு வெளியே இருப்பவை மட்டுமா? உள்ளே பார்க்கலாம் என்றால் இங்கிலீஷ்காரனாக ஆடுபவன் முதல் சுற்றிலேயே மண்வெட்டியோடு ஆளனுப்பி மேட்டை வெட்ட ஆரம்பிப்பேன் என்கிறான். வெட்டுவதற்கு எத்தனை சுற்று என்று இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.